கல்லூரி வாத்தியார் சம்பளம்: வங்கிக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு கணக்கு

கல்லூரியில் புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நிர்ணயித்திருக்கும் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஐ.ஏ.எஸ். தேறி முதல் பதவிக்குப் போகிறவருக்கு 56,100. தலைகீழாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், வாத்தியாருக்குத்தான் 1,600 ரூபாய் கூடுதல். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் "வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் கிளாஸ் எடுக்க இவ்வளவா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு தரப்பும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இன்னொரு எண் இருக்கிறது: 25,000. அரசுக் கலைக் கல்லூரியில் அதே வகுப்பில் அதே பாடத்தை நடத்தும், பணி நிரந்தரமில்லாத கவுரவ விரிவுரையாளரின் மாதத் தொகுப்பூதியம் (படிகள் ஏதும் சேராத மொத்தத் தொகை), நான் கடைசியாகப் பார்த்த சம்பளச் சீட்டில் அவ்வளவுதான். அதுவும் வருஷத்துக்குப் பதினோரு மாதம் மட்டும். மே மாதம் கிடையாது.

நான் வாத்தியார் இல்லை. பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து, பிறகு ஆபீசராகி, டெல்டா மாவட்டங்களிலேயே கிளை கிளையாக மாறிக்கொண்டிருப்பவன். ஆனால் யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதில் என்னைவிட வசதியான இடத்தில் இருப்பவர்கள் குறைவு. கடன் கேட்டு வருகிற யாராக இருந்தாலும் முதலில் நீட்டுவது சம்பளச் சீட்டைத்தான். அதோடு, என்னுடன் பி.எஸ்சி. கணிதம் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே கனவு, கல்லூரி வாத்தியாராவது. எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் அப்படி இருந்தார்கள்: ஸ்கூட்டர், சொந்த வீடு, மாலையில் மூன்றரை மணிக்கெல்லாம் வீடு, தெருவில் போனால் எழுந்து நிற்கும் மரியாதை. யாருக்குத்தான் ஆசை வராது.

அந்த மரியாதைக்குப் பின்னால் சம்பளம் இருந்தது என்பதை நாங்கள் அப்போது யோசிக்கவில்லை. அது தானாக வந்ததும் இல்லை. தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகளில் ஒருகாலத்தில் ஆசிரியரின் வேலையும் சம்பளமும் நிர்வாகத்தின் கையில் இருந்தன. பிடிக்காதவரை வீட்டுக்கு அனுப்ப ஒரு வாய்வார்த்தை போதும். 1976-இல் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் சங்கங்கள் ஏகப்பட்ட போராட்டம் நடத்தித்தான் உதவிபெறும் கல்லூரி ஆசிரியர்களுக்கு வேலை நிலைத்தது. டெல்லியைப் பார்த்தால், 1973-இல் விரிவுரையாளருக்கு 700-1600 என்ற சம்பள விகிதம், அப்போது ஐ.ஏ.எஸ். ஆரம்ப விகிதம் 700-1300. 1986 விகிதத்தில் இரண்டு பேருக்கும் 2200-4000. அதற்காக 1987-இல் நாடு முழுக்கக் கல்லூரி ஆசிரியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆறாவது ஊதியக் குழுவில் 15,600-39,100, ஏழாவதில் இந்த 57,700. அதாவது, படித்தவர்களில் முதல் வரிசைப் பிள்ளைகள் நிர்வாகத்துக்குப் போகிற மாதிரி வகுப்பறைக்கும் வர வேண்டும், அதற்கு ஏற்ற சம்பளம் தர வேண்டும் என்று அரசாங்கம் அரை நூற்றாண்டாக ஒப்புக்கொண்டே வந்திருக்கிறது. காகிதத்தில் இன்றும் ஒப்புக்கொள்கிறது. அந்தச் சம்பளத்துக்கு ஆள் எடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டது.

ஆள் எடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசிரியர் தேர்வு வாரியம் 2013-இல் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 1,093 உதவிப் பேராசிரியர் பணியிடங்களை அறிவித்தது. அடுத்து 2019-இல் 2,300-க்கு மேல் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பம் வாங்கினார்கள், அத்தோடு சரி. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்று புதிய அறிவிப்பு. தேர்வு தேதி தள்ளிப் போய், மறுபடி தள்ளிப் போய், 2025 அக்டோபரில் அது 2,708 இடங்களாகச் சுருங்கி வேறு அறிவிப்பாக வந்தது. இதற்கு நடுவே புதிதாகக் கல்லூரிகள் திறந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு கலைக் கல்லூரி வேண்டும் என்று எம்.எல்.ஏ.க்கள் கேட்பார்கள், பட்ஜெட்டில் அறிவிப்பு வரும், மேல்நிலைப் பள்ளியில் நான்கு அறையைத் தடுத்து வகுப்பு தொடங்கும். பாடம் நடத்த ஆள்? கவுரவ விரிவுரையாளர்கள். இன்று மாநிலம் முழுக்க ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி இருக்கிறார்கள். ஏழெட்டு ஆசிரியர் உள்ள துறையில் நிரந்தரமானவர் துறைத் தலைவர் ஒருவர் மட்டும் என்பதெல்லாம் எங்கள் பக்கத்தில் சாதாரணம்.

இவர்களை நான் அதிகமாகப் பார்ப்பது மே மாதத்தில். நகைக்கடன் கவுண்டரில் ஜூன் வந்தால் பெற்றோர்கள் கூட்டம், ஸ்கூல் ஃபீஸ். அதற்கு ஒரு மாதம் முன்பே இவர்கள் வந்துவிடுவார்கள். காட்டன் புடவையில், தோளில் லேப்டாப் பை, கையில் சின்ன மணிபர்ஸ். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விண்ணப்பத்தில் "தொழில்" என்ற கட்டத்தில் உதவிப் பேராசிரியர் என்று எழுதியிருக்கும், கல்வித் தகுதியில் எம்.எஸ்சி., எம்.பில்., பிஎச்.டி., நெட் (கல்லூரி ஆசிரியராவதற்கான தேசியத் தகுதித் தேர்வு). ஆண்டு வருமானம் 2,75,000. ஒருமுறை எங்கள் கிளைக்குப் புதிதாக வந்திருந்த கிளார்க் பெண், தட்டச்சு செய்துகொண்டே சத்தமாக, "மேடம், சைபர் ஒண்ணு விட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டாள். அந்தம்மா சிரித்தார். "இல்லம்மா, கரெக்டாத்தான் இருக்கு. நீ எந்தக் காலேஜ்ல படிச்ச?" அவள் பெயர் சொன்னாள். அவர் வேலை பார்க்கும் கல்லூரிதான், வேறு துறை.

அந்தக் கிளார்க் பெண்ணுக்கு என்ன சம்பளம்? வங்கிக் கிளார்க்கின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் இப்போது 24,050. படிகள் சேர்த்து, பிடித்தம் போக, முதல் மாதமே முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் கையில் வரும். அவள் வயது 23. நேரடியாக ஆபீசராகச் சேர்ந்திருந்தால் அடிப்படை 48,480.

வங்கி என்றால் விசேஷம், அதை விடுங்கள். அரசுப் பணியிலேயே பார்ப்போம். மற்ற படிகளை விட்டுவிட்டு, 2025 ஜூலையிலிருந்து கணக்கிட்ட 58 விழுக்காடு அகவிலைப்படியை மட்டும் சேர்க்கிறேன். இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை 20,600, கூட்டினால் 32,500. பத்தாம் வகுப்புத் தகுதியில் எழுதும் குரூப்-4 தேர்வில் இளநிலை உதவியாளரானால் 19,500, கூட்டினால் 30,800. அதே கல்லூரியில் மணி அடித்து, வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போகும் அலுவலக உதவியாளருக்கு 15,700, கூட்டினால் 24,800. வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி சேர்ந்தால் அவர் கவுரவ விரிவுரையாளரைத் தாண்டிவிடுகிறார். அவருக்கு மே மாதச் சம்பளமும் உண்டு, ஆண்டு ஊதிய உயர்வும் உண்டு. அவருக்கு அதிகம் என்று நான் சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பது எவ்வளவு சிரமம் என்பதும் எனக்குத் தெரியும்.

சொல்லப்போனால் இந்த விஷயத்தில் வழக்கமாக வரும் ஒரு பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. "கொத்தனார் கூட ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் வாங்குறான், பிஎச்.டி. படிச்சவனுக்கு அது இல்ல" என்பார்கள். கொத்தனார் வெயிலில் சாரத்தில் நின்று வாங்குகிறார், மழை வந்தால் அதுவும் இல்லை, ஐம்பது வயதுக்கு மேல் முதுகு போய்விடும். அவர் வாங்குவதில் என்ன அவமானம் இருக்கிறது? வாத்தியாரின் சம்பளம் குறைவு என்று சொல்ல உழைப்பாளியின் கூலியை இழுப்பவர்களுக்கு உள்ளூர உறுத்துவது சம்பளம் அல்ல, வரிசை மாறிவிட்டதே என்பதுதான். சரியான ஒப்பீடு அதே படிப்பை அதே வயதில் தொடங்கியவர்களோடுதான் இருக்க வேண்டும்.

அப்படி ஒப்பிட்டால் முதலில் கண்ணில் படுவது சம்பளம் அல்ல, வயது. இருபத்தொரு வயதில் பி.எஸ்சி. முடிக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு வருஷம் படித்து வங்கித் தேர்வு எழுதிக் கிளார்க் ஆகிறார். இன்னொருவர் எம்.எஸ்சி. இரண்டு வருஷம், அப்புறம் நெட்டுக்குத் தயாராவது, பிஎச்.டி. நான்கைந்து வருஷம் என்று முப்பதைத் தொடுகிறார். இந்த எட்டு வருஷத்தில் கிளார்க்குக்கு ஒரு பைசா உயர்வு இல்லை என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 35,000 வீதம் 33 லட்சத்து 60 ஆயிரம் கைக்கு வந்திருக்கும். முப்பது வயதில் 25,000 ரூபாயில் கவுரவ விரிவுரையாளராகச் சேருபவர் வருஷம் 2,75,000 வாங்குகிறார். முந்தையவர் ஏற்கெனவே பார்த்துவிட்ட பணத்தை இவர் எட்டிப் பிடிக்க, சாப்பிடாமல் கொள்ளாமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்து வைத்தாலும் பன்னிரண்டு வருஷம் ஆகும். அப்போது இவருக்கு வயது 42. கிளார்க் இதற்குள் ஆபீசராகி, வீட்டுக்கடனில் பாதியை அடைத்திருப்பார்.

ஜே.ஆர்.எஃப்., அதாவது நெட்டில் மேலே வருகிறவர்களுக்கு ஆய்வு செய்யத் தரும் மாத உதவித்தொகை, கிடைத்தால் நிலைமை வேறு என்பார்கள். வேறுதான், ஆனால் அதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000; இரண்டு வருஷம் கழித்து அதன் அடுத்த கட்டமான எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. ஐந்து வருஷத்துக்குக் கூட்டினால் 24 லட்சம், அதற்கு மேல் வாடகைப்படி வேறு. ஆக, ஆய்வு மாணவராக இருக்கும்வரை 42,000 வாங்கியவர், டாக்டர் பட்டம் வாங்கி வகுப்பெடுக்க வந்ததும் 25,000 வாங்குகிறார். படிப்பை முடித்ததற்கு அபராதம் போட்ட மாதிரி. எனக்குத் தெரிந்த ஒருவர் இதற்காகவே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காமல் கடைசி மாதம் வரை இழுத்தார். வழிகாட்டி திட்டியபோது, "சார், நீங்க வேலை வாங்கித் தாங்க, நாளைக்கே குடுக்குறேன்" என்றாராம். வழிகாட்டி அதற்கு மேல் பேசவில்லை.

ஐ.டி.காரர்களோடு ஒப்பிடாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் யாரும் விட மாட்டீர்கள். ஐ.டி.யிலும் ஆரம்பச் சம்பளம் அப்படியொன்றும் பிரமாதம் இல்லை. பெரிய நிறுவனங்கள் கூட்டமாக ஆள் எடுக்கும்போது தரும் மூன்று, மூன்றரை லட்சம் என்ற தொகை பதினைந்து வருஷமாகக் கிட்டத்தட்ட அங்கேயேதான் நிற்கிறது. பிடித்தம் போக இருபத்தைந்தாயிரம் பக்கம்தான் வரும். 2024-இல் காக்னிசன்ட் நிறுவனம் மூன்று வருஷ டிகிரி முடித்தவர்களுக்கு ஆண்டுக்கு 2.52 லட்சம் என்று அறிவித்தபோது நாடே சிரித்தது, மீம் போட்டுத் தள்ளினார்கள். இருபத்தொரு வயதுப் பையனுக்கு 2.52 லட்சம் என்றால் கேலி. நாற்பத்திரண்டு வயதில், டாக்டர் பட்டத்தோடு, 2.75 லட்சத்துக்கு அந்தப் பையனுக்குப் பாடம் எடுத்தவரைப் பற்றி ஒரு மீம்கூட வரவில்லை. ஐ.டி. பையனுக்கு மூன்றாவது வருஷம் கம்பெனி மாறினால் சம்பளம் ஏறும். கவுரவ விரிவுரையாளர் கல்லூரி மாறினால் பஸ் செலவுதான் மாறும். முதல் சம்பளத்தைப் பார்த்து இரண்டு பேரும் ஒன்றுதானே என்று சொல்லக்கூடாது. பத்தாவது வருஷத்தில் பார்க்க வேண்டும்.

பொறியியல் கல்லூரி வாத்தியார்களின் கதை தனி. அதில் ஒரு பொற்காலமும் இருந்தது, நம்பினால் நம்புங்கள். ஆறாவது ஊதியக் குழு வந்த சமயம், கல்லூரிகள் தெருவுக்குத் தெரு முளைத்துக்கொண்டிருந்தன, எம்.இ. முடித்தவர்கள் போதவில்லை. வந்தவர்களுக்கு அடிப்படை 15,600 தருகிறோம் என்று தனியார் நிர்வாகங்களே பேப்பரில் விளம்பரம் கொடுத்தன. 2008 பொருளாதாரச் சரிவில் கேம்பஸில் வேலை கிடைத்தும் அழைப்பு வராத பையன்கள், சும்மா இருப்பதற்கு எம்.இ. படிக்கலாம் என்று போனார்கள். அவர்கள் படித்து முடித்து வாத்தியாராக வந்து நின்றபோது ஆள் மலிந்துவிட்டது. சில வருஷத்தில் மாணவர் சேர்க்கையும் விழத் தொடங்கியது. 2018-இல், பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ., ஆசிரியர்-மாணவர் விகிதத்தை 1:15-லிருந்து 1:20 ஆக்கியது. அறுபது மாணவருக்கு நான்கு வாத்தியார் இருந்த இடத்தில் மூன்று பேர் போதும். அந்த வருஷம் எத்தனை பேரை "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அனுப்பினார்கள் என்பது அந்த ஊர்களின் வங்கிக் கிளைகளில் இருந்தவர்களுக்குத் தெரியும். மாதா மாதம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்த கார் லோன்கள் திடீரென்று நின்றன.

தப்பித்தவர்களுக்கு வேறு சோதனை. மார்ச் முடிந்தால் அட்மிஷன் டார்கெட். வாத்தியார் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இத்தனை பேரைச் சேர்த்தால்தான் மே மாதச் சம்பளம். ஒரிஜினல் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் பீரோவில் இருக்கும், அதனால் சட்டென்று வேலையை விடவும் முடியாது. சில இடங்களில் சம்பளம் கணக்கில் முழுதாக ஏறும், இரண்டு நாளில் ஒரு பகுதியைப் பணமாக எடுத்து ஆபீசில் திருப்பிக் கட்டிவிட வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்ட பாஸ்புக்கில் முழுத் தொகையும் இருக்கும். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது தெரியாதா? ஒரே கல்லூரியின் ஆசிரியர்கள் ஒரே நாளில் வந்து ஒரே தொகையை எடுத்துப் போனால் என்னவென்று புரியாதா? புரியும். அவர்களே கையெழுத்துப் போட்டு அவர்களே எடுக்கும்போது நாங்கள் என்ன கேட்பது.

இதன் உச்சம் 2024 ஜூலையில் வெளிவந்தது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரமாக வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறார்கள், 224 கல்லூரிகளில் இது நடந்திருக்கிறது என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் பட்டியலோடு குற்றம்சாட்டியது. எல்லோரும் மோசடி, மோசடி என்றார்கள். மோசடிதான். ஆனால் எனக்குத் தோன்றியது வேறு: மாதம் பதினைந்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து ஓர் ஆளை வைத்துக்கொள்வதே அதிகம் என்று நினைக்கும் நிர்வாகம், கடைசியில் ஆள் வேண்டாம், பெயரும் சான்றிதழும் மட்டும் போதும் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறது. சம்பளம் இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, இவ்வளவு மோசம் என்றால் ஏன் இன்னும் வருகிறார்கள்? சொல்லுங்கள் பார்ப்போம். நகைக்கடனுக்கு வருகிற அந்தம்மாவிடமே ஒருநாள் கேட்டேன், கூட்டமில்லாத மத்தியானம். "எக்ஸ்பீரியன்ஸ் போயிடும் சார்" என்றார். இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தச் சம்பளத்தைப் புரிந்துகொள்ள முடியாது. 2019 அறிவிப்பில் தேர்வு முறை என்ன தெரியுமா? மொத்தம் 34 மதிப்பெண். அதில் கற்பித்தல் அனுபவத்துக்கு வருஷத்துக்கு இரண்டு வீதம் 15, கல்வித் தகுதிக்கு 9, நேர்முகத்துக்கு 10. பிஎச்.டி. எல்லோரிடமும் இருக்கிறது. வித்தியாசம் காட்டுவது அந்தப் பதினைந்துதான். அதனால் மண்டல இணை இயக்குநரின் மேலொப்பம் உள்ள அனுபவச் சான்றிதழுக்காக எந்தச் சம்பளத்துக்கும், பத்தாயிரத்துக்கும்கூட, வேலை பார்த்தார்கள். உச்ச வயது வரம்பு 57, ஆகவே நம்பிக்கையும் 57 வயது வரை உயிரோடு இருக்கும். நிரந்தரமானால் முதல் மாதமே 57,700-உம் அகவிலைப்படியும் சேர்த்து 91,000. இன்றைய 25,000-த்தை ஏற்றுக்கொள்ள வைப்பது என்றோ வரப்போகும் அந்த 91,000. ஒன்றின் உயரம்தான் இன்னொன்றைத் தாழ்த்தி வைத்திருக்கிறது. அரசுக்கு இதைவிட மலிவான ஏற்பாடு ஏது? ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை ஓர் அறிவிப்பு விட்டால் போதும், ஏழாயிரம் பேர் இன்னும் ஐந்தாறு வருஷம் காத்திருப்பார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போய் நான்கு மணிக்குத் திரும்பிவிடலாம், வீட்டில் ஒத்துக்கொள்வார்கள். "வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார், இது கைச்செலவுக்கு" என்று நிர்வாகமே வெளிப்படையாகப் பேசும். முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்களுக்குக் காரணம் இன்னும் ஆழமானது. அப்பா பண்ணையில் கூலி வேலை பார்த்த ஊரில், மகனைப் பேராசிரியர் என்று கூப்பிடும்போது கிடைப்பதை நான் எந்தப் படிவத்தில் நிரப்புவது? ஆனால் அந்த மகன் வீட்டுக்கடன் கேட்டு வரும்போது நான் பார்க்க வேண்டியது நிகர மாத வருமானம், வேலையின் நிரந்தரம், இரண்டையும்தான். இரண்டிலும் அவர் நிற்க மாட்டார். அதே கல்லூரியின் நிரந்தர உதவிப் பேராசிரியர், அவரைவிட ஐந்து வயது இளையவராக இருந்தாலும், ஒரே நாளில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, "எப்ப சார் சாங்ஷன் ஆகும்?" என்று தோரணையாகக் கேட்டுவிட்டுப் போவார்.

அந்தத் தோரணைக்காரர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிரந்தரமானவர்களில் நல்ல வாத்தியார்கள் நிறைய. ஆனால் மாதம் ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு, பழைய நோட்ஸைப் படித்துவிட்டு, ஸ்டாஃப் ரூமில் ஷேர் மார்க்கெட் பார்ப்பவர்களும், பிளாட் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கணக்கும் என்னிடம்தான் இருக்கிறது. வகுப்பு, உள்மதிப்பீடு, கல்லூரிக்குத் தர மதிப்பீடு கொடுக்கும் நேக் குழு வந்தால் கோப்பு தயாரிப்பது, விளையாட்டு விழாவில் வரிசையை ஒழுங்கு செய்வது எல்லாம் பக்கத்து மேசை கவுரவ விரிவுரையாளர் தலையில். பொதுமக்கள் "வாத்தியாருக்கு எதுக்கு இவ்வளவு சம்பளம்" என்று கேட்பது இவர்களைப் பார்த்து. அடி விழுவது அந்தக் கவுரவ விரிவுரையாளர்கள் மேல். சங்கங்கள் ஊதியக் குழு நிலுவைக்குக் காட்டிய வேகத்தை, பக்கத்து மேசைக்காகக் காட்டியிருந்தால் இந்த நிலைமை இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். கோபப்படுபவர்கள் படட்டும்.

நீதிமன்றத்துக்குப் போனால்? போயிருக்கிறார்கள். வருகைதரு ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று யுஜிசி 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. அதைக் கொடுங்கள் என்றுதான் இங்கே வழக்கு, போராட்டம், காத்திருப்பு எல்லாம். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் 30,000 ரூபாய்க்கு வேலை பார்த்துவந்த ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு, நிரந்தரமானவர்களின் குறைந்தபட்ச ஊதியத்தைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விழா மேடையில் குரு பிரம்மா, குரு விஷ்ணு என்று சொல்லிக்கொண்டிருந்தால் மட்டும் போதாது என்று நீதிபதிகள் கண்டித்தார்கள். அந்த வாரம் எங்கள் கிளைக்கு வந்த கவுரவ விரிவுரையாளர்கள் எல்லோர் போனிலும் அந்தச் செய்தி இருந்தது. ஒருவர் என்னிடமே காட்டி, "இது நமக்கும் பொருந்தும்ல சார்?" என்றார். நான் வக்கீல் இல்லை. பொருந்த வேண்டும் என்றேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் அக்கா மகள். எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம். அடுத்து என்ன செய்யட்டும் மாமா என்று கேட்டாள், மேலே உள்ள கணக்கையெல்லாம் ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினேன். ஜே.ஆர்.எஃப். வந்தால் யோசிக்காமல் பிஎச்.டி. போ, ஐந்து வருஷம் சம்பளத்தோடு படித்த மாதிரி. வெறும் நெட் மட்டும் தேறினால் பிஎச்.டி.யைப் பகுதிநேரமாக வைத்துக்கொண்டு வேறு தேர்வு எழுது. "தற்காலிகமாக" என்று சொல்லிக்கொண்டு கவுரவ விரிவுரையாளராக மட்டும் சேராதே. பத்து வருஷத் தற்காலிகத்தை நான் தினம் பார்க்கிறேன்.

"எனக்குக் கிளாஸ் எடுக்கத்தான் மாமா பிடிச்சிருக்கு. பேங்க்ல உக்கார முடியாது" என்றாள். அப்படியானால் பி.எட். முடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போ என்றேன். முதுகலை ஆசிரியருக்கு அடிப்படை 36,900, அகவிலைப்படியோடு 58,000. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தால், கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுப்பவரைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அவள் கொஞ்ச நேரம் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேனாவை வாங்கி, கவுரவ விரிவுரையாளர் வரியை அடித்தாள். அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மகளைப் புரொபசர் என்று சொல்லிக்கொள்ள எத்தனை வருஷ ஆசை. இப்போதைக்கு நெட்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறாள், பி.எட்.டுக்கும் விண்ணப்பிக்கப் போகிறாள். இரண்டுக்கும் கட்டணம் என் செலவு.